வாஷிங்டன் வரியும் ஜுருவின் பட்டறைகளும்

பெரிய சந்தை ஒன்று வரி போட்டால் சிறிய நாட்டின் கையில் இருக்கும் வழிகள் அதிகமில்லை. பதிலுக்கு வரி போடலாம், பேரம் பேசலாம், வழக்குத் தொடுக்கலாம், வேறு சந்தை தேடலாம். அல்லது தன் பொருளை யாரும் எளிதில் கைவிட முடியாத இடத்துக்குக் கொண்டுபோகலாம். 2025இல் அமெரிக்கா விதித்த ‘பரஸ்பர வரி’ மலேசியாவை இந்த வழிகள் எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் எடைபோட வைத்தது. வரியின் பேச்சு நடந்தது வாஷிங்டனிலும் கோலாலம்பூரிலும். அதன் பாரம் இறங்கக்கூடிய இடங்களோ பினாங்கின் பெருநிலத்தில், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டி ஜுரு, புக்கிட் தெங்கா, புக்கிட் மின்யாக் என்று வரிசையாகக் கிடக்கும் தொழிற்பேட்டைகள்.

முதலில் அந்த வரியின் கணக்கு. 2025 ஏப்ரல் 2 அன்று அதிபர் டோனல்ட் டிரம்ப் வெளியிட்ட பட்டியலில், மலேசியா அமெரிக்காவிடம் 47 விழுக்காடு வசூலிப்பதாகவும் அதற்கு ஈடாக 24 விழுக்காடு விதிப்பதாகவும் இருந்தது. மலேசியாவின் சராசரி இறக்குமதி வரி 6 விழுக்காட்டைக்கூடத் தொடாது. பிறகு 47 எப்படி வந்தது? 2024இல் அமெரிக்கா மலேசியாவிடம் வாங்கிய சரக்கு 52.5 பில்லியன் டாலர், விற்றது 27.7 பில்லியன், பற்றாக்குறை 24.8 பில்லியன். பற்றாக்குறையை இறக்குமதியால் வகுத்தால் 47 விழுக்காடு. அதைப் பாதியாக்கினால் 24. மலேசியா போட்ட எந்த வரியும் இந்தக் கணக்கில் இல்லை. அமெரிக்காவுக்கு வைரமும் ஜீன்ஸும் விற்றுவிட்டு, அங்கிருந்து வாங்க வசதியில்லாத லெசோத்தோ என்ற ஏழை ஆப்பிரிக்க நாட்டுக்கு 50 விழுக்காடு விழுந்ததும் இதே கணக்கால்தான். அதனால் ‘எங்கள் வரியைக் குறைக்கிறோம்’ என்ற சமாதானம் மட்டும் எடுபடும் பேச்சுவார்த்தையாக இது இருக்க முடியாது. எவ்வளவு வாங்குவாய், எங்கே முதலீடு செய்வாய் என்பதே கேள்வி.

24 விழுக்காடு ஒரு வாரத்தில் நிறுத்திவைக்கப்பட்டு 10 ஆனது. ஜூலை 7 அன்று வந்த கடிதம் அதை 25 என்றது. ஆகஸ்ட்டில் 19இல் நின்றது. நான்கு மாதங்களில் நான்கு எண்கள். வரி உயர்ந்தால் வணிகர் விலையைத் திருத்திக்கொள்ளலாம். எண்ணே நிலையில்லாதபோது ஆர்டர் எழுதவே தயங்குவார். புது இயந்திரம் வாங்க நினைத்தவர் அதைத் தள்ளிப்போடுவார். வரி விகிதத்தைவிட இந்தத் தயக்கம் சிறு தொழில்களுக்குக் கூடுதல் கேடு செய்யும்.

வரியை யார் கட்டுவது என்பதில் ஒரு குழப்பம் நிலவுகிறது. அமெரிக்கத் துறைமுகத்தில் பணம் கட்டுபவர் அங்குள்ள இறக்குமதியாளர். அதை யார் சுமப்பது என்பது பிறகு பேரத்தில் தீரும். வாங்குபவருக்கு வேறு ஆள் கிடைக்காவிட்டால் அவரே சுமப்பார், அல்லது தம் வாடிக்கையாளர் தலையில் ஏற்றுவார். வேறு ஆள் கிடைப்பார் என்றால் விற்பவர் விலையைக் குறைத்தாக வேண்டும். பெரிய நாடு இப்படி உலக விலையையே தனக்குச் சாதகமாக அழுத்த முடியும். சிறிய நாட்டுக்கு அந்த எடை கிடையாது.

ஜுரு வட்டாரத்தின் நிலை இந்தச் சங்கிலியில் இன்னும் ஒரு கண்ணி கீழே. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸிலும் பெருநிலத்தின் பத்து காவானிலும் இன்டெல், மைக்ரோன், லாம் ரிசர்ச், பாஷ், பாஸ்டன் சயன்டிஃபிக் போன்ற பன்னாட்டு ஆலைகள் இருக்கின்றன. அவற்றுக்கு உலோகத் துண்டுகளைக் கடைந்து கொடுப்பது, தகடு வளைப்பது, பிளாஸ்டிக் வார்ப்பது, முலாம் பூசுவது, பாகங்களைப் பிடித்து நிறுத்தும் ‘ஜிக்’ செய்வது, அட்டைப் பெட்டி தருவது எல்லாம் பெருநிலத்துச் சிறு, நடுத்தர நிறுவனங்கள். தொழில் வட்டாரம் இவர்களை ‘வெண்டர்’ என்கிறது. அமெரிக்காவுக்கு ஒரு பெட்டிகூட நேரடியாக அனுப்பாதவர்களும் இவர்களில் உண்டு. அவர்களுடைய பில் ரிங்கிட்டில், பாலத்துக்கு அப்பாலுள்ள ஆலையின் பெயரில் போகும். ஆனாலும் அந்த ஆலையின் தலைமையகம் ‘செலவை ஐந்து விழுக்காடு குறை’ என்று உத்தரவிட்டால், அந்தக் கடிதம் கடைசியாக வந்து நிற்பது இவர்கள் மேசையில்தான்.

நேரடியாக ஏற்றுமதி செய்பவருக்குத் தலைவலி வேறு வகை. சுங்கத்துக்காகப் பொருளை வகைப்படுத்தும் எச்.எஸ். குறியீடுதான் அவர் தலையெழுத்து. ஏப்ரல் 11 அன்று அமெரிக்கா செமிகண்டக்டர்களையும், கணினிகளையும், திறன்பேசிகளையும், சிப் தயாரிக்கும் இயந்திரங்களையும் பரஸ்பர வரியிலிருந்து விலக்கியது. சிப் இயந்திரத்துக்கென்றே செய்த பாகம் அந்த இயந்திரத்தின் தலைப்பிலேயே வகைப்பட்டுத் தப்பித்துவிடும். அதே பட்டறையில், அதே எஃகில் செய்த பொதுப் பயன்பாட்டுத் திருகு எஃகுப் பொருள் என்ற தலைப்புக்குப் போகும். எஃகுக்கும் அலுமினியத்துக்கும் 2025 ஜூன் 4 அன்று வரி 50 விழுக்காடு ஆனது. ஆகஸ்ட் 18 அன்று அந்த உலோகங்களால் ஆன மேலும் 407 வகைப் பொருள்களும் அதில் சேர்க்கப்பட்டன. இரண்டு பொருள்கள் ஒரே லாரியில் ஏறி, ஒன்று வரியில்லாமலும் மற்றொன்று பாதி விலைக்கு வரியோடும் இறங்கலாம். விற்பனை ஒப்பந்தத்தின் வாசகமும் முக்கியம். துறைமுகத்தில் ஏற்றிக் கொடுப்பதோடு பொறுப்பு முடியும் என்று எழுதியவருக்கு வரிக்கவலை இல்லை. வாங்குபவர் வாசல்வரை வரியும் கட்டிக் கொண்டுசேர்ப்பதாகக் கையெழுத்திட்டவர் முழுத் தொகையையும் தம் பையிலிருந்து எடுக்க வேண்டும். சிறிய நாட்டின் பதில் நடவடிக்கை என்று பேசும்போது அமைச்சர்கள் கூட்டங்களே நினைவுக்கு வருகின்றன. குறியீட்டைச் சரிபார்க்கத் தெரிந்த ஒரு சுங்க ஆலோசகர் ஒரு பட்டறைக்குச் செய்யும் உதவி சில சமயம் அதைவிடப் பெரியது.

வரி வந்த ஆண்டிலேயே மற்றச் செலவுகளும் ஏறின. குறைந்தபட்ச ஊதியம் பிப்ரவரியில் 1,700 ரிங்கிட் ஆனது. ஜூலையில் விற்பனை, சேவை வரி விரிவானது. ஆண்டுத் தொடக்கத்தில் டாலருக்கு 4.40க்கு மேல் இருந்த ரிங்கிட் ஆண்டு முடிவுக்குள் 4.10க்கு அருகே வலுப்பெற்றது. நாட்டுக்கு நல்ல செய்தி. டாலரில் விற்று ரிங்கிட்டில் சம்பளம் கொடுப்பவருக்கு அது இன்னொரு வரி.

பதிலுக்கு வரி போடுவது பற்றிப் பொருளியல் நூல்கள் சொல்வது தெளிவு. பொருளியலாளர் ஹாரி ஜான்சன் 1953இல் எழுதிய கட்டுரையிலிருந்தே இந்த விவாதம் நடக்கிறது. எடையில் பெரிய வேறுபாடு இருந்தால் வரிப்போரில் பெரியவர் லாபத்தோடும் வெளியேறலாம். சிறியவர் போடும் வரி அவர் வாங்கும் பொருளையே விலையேற்றும். மலேசியாவின் ஏற்றுமதியில் 2024இல் அமெரிக்காவின் பங்கு 13.2 விழுக்காடு. அமெரிக்காவின் சரக்கு ஏற்றுமதியில் மலேசியாவின் பங்கு ஒன்றரை விழுக்காடுகூட இல்லை. மலேசியா அங்கிருந்து வாங்குவதில் பெரும்பகுதி சிப்களும் இயந்திரங்களும். அவற்றுக்கு வரி போட்டால் அடி பாயான் லெப்பாஸுக்கு. சீனா திருப்பி அடித்தது, ஏனென்றால் அதன் கையில் அரிய மண் தாதுக்கள் இருந்தன. கனடா திருப்பி அடித்துவிட்டு, செப்டம்பர் 1 அன்று பதில் வரிகளில் பெரும்பாலானவற்றை விலக்கிக்கொண்டது. ஆசியான் பொருளாதார அமைச்சர்கள் ஏப்ரல் 10 அன்றே, அந்த ஆண்டு தலைமை வகித்த மலேசியாவின் தலைமையில், பதிலடி இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். அதைக் கோழைத்தனம் என்றவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு முடிவு வராது. ஆனால் பத்து நாடுகளும் சேர்ந்து ஒரே மேசையில் பேரம் பேசவில்லை என்பது உண்மையான குறை. நாடுகள் தனித்தனியே வாஷிங்டன் போயின. வியட்நாம் 20, இந்தோனேசியா 19, தாய்லாந்து 19, கம்போடியா 19 என்று பல நாடுகள் கிட்டத்தட்ட ஒரே எண்ணோடு திரும்பின.

வழக்குத் தொடுப்பது இன்னும் மெதுவான பாதை. இணையச் சூதாட்ட வழக்கில் அமெரிக்காவை உலக வர்த்தக அமைப்பில் வென்ற ஆன்டிகுவாவுக்கு 2007இல் ஆண்டுக்கு 21 மில்லியன் டாலர் அளவுக்குப் பதில் நடவடிக்கை எடுக்க அனுமதி கிடைத்தது. குட்டித் தீவால் அதைப் பயன்படுத்தி எதையும் பெற முடியவில்லை. 2019 டிசம்பரிலிருந்து அந்த அமைப்பின் மேல்முறையீட்டுக் குழுவே செயலற்றுக் கிடக்கிறது. வழக்கு ஓரளவு பலித்தது ஆஸ்திரேலியாவுக்கு. 2020இல் சீனா அதன் பார்லிக்கு 80.5 விழுக்காடு வரி போட்டபோது, ஆஸ்திரேலியா வழக்கும் போட்டது, பார்லியைச் சவூதி அரேபியா போன்ற வேறு சந்தைகளுக்கும் திருப்பியது. 2023 ஆகஸ்ட்டில் அந்த வரி நீங்கியது. பார்லியை யாரும் வாங்கலாம் என்பதே அங்கே பாதி வெற்றி. பரஸ்பர வரிக்கு எதிராக வேகமாக நகர்ந்த வழக்குகள் அமெரிக்க வணிகர்களே அமெரிக்க நீதிமன்றங்களில் தொடுத்தவை. 2025 மே மாதம் வர்த்தக நீதிமன்றமும் ஆகஸ்ட்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதிபருக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் வாதங்களைக் கேட்டது.

மீதமிருந்தது பேரம். அக்டோபர் 26 அன்று ஆசியான் உச்சநிலை மாநாட்டுக்கு வந்த டிரம்ப்பும் பிரதமர் அன்வார் இப்ராஹிமும் கோலாலம்பூரில் பரஸ்பர வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 19 விழுக்காடு அப்படியே நின்றது. 1,711 வகைப் பொருள்களுக்கு, ஏறக்குறைய 5.2 பில்லியன் டாலர் ஏற்றுமதிக்கு, விலக்குக் கிடைத்தது. செம்பனை எண்ணெய், கொக்கோ, ரப்பர் பொருள்கள், விமான பாகங்கள் அவற்றில் அடங்கும். மலேசியா கொடுத்த விலை நீளமானது: 30 போயிங் விமானங்கள், ஆண்டுக்கு 5 மில்லியன் டன் வரை திரவ எரிவாயு, பத்தாண்டுகளில் அமெரிக்காவில் 70 பில்லியன் டாலர் முதலீடு, மலேசியாவில் இயங்கும் பன்னாட்டு நிறுவனங்கள் ஐந்தாண்டுகளில் 150 பில்லியன் டாலர் வரை சிப், விமானம், தரவு மையச் சாதனங்கள் வாங்குவது. இந்தக் கடைசி எண் பயமுறுத்தும். ஆனால் அந்த நிறுவனங்கள் எப்படியும் வாங்கப்போகும் பொருள்கள் அதில் நிறைய. எண்ணைப் பெரிதாகக் காட்டி எதிராளியை மகிழ்விப்பதும் சிறிய நாட்டின் உத்திகளில் ஒன்றுதான்.

உண்மையான சர்ச்சை பணத்தைப் பற்றியது அல்ல. பொருளாதாரப் பாதுகாப்பைக் காரணம் காட்டி அமெரிக்கா மூன்றாம் நாடொன்றின் மீது கட்டுப்பாடு விதித்தால், மலேசியாவும் அதற்கு இணையான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று பொருள்படும் 5.1ஆம் விதியே சர்ச்சைக்கு உள்ளானது. முன்னாள் பிரதமர் மகாதீர் உட்பட பலர் இறையாண்மை போய்விட்டது என்றார்கள். நவம்பரில் சீனாவும் தன் கவலையைத் தெரிவித்தது. அரசு, நாட்டின் நலனுக்கு உகந்ததாக இருந்தால் மட்டுமே என்று விளக்கியது. ஒரு வாடிக்கையாளரை வைத்துக்கொள்ள இன்னொரு பெரிய வாடிக்கையாளரின் முகத்தைச் சுளிக்க வைப்பது, பணத்தில் சொல்ல முடியாத செலவு. ஒப்பந்தத்தின் மிகப் பலவீனமான இடம் இதுதான்.

அந்த ஒப்பந்தத்தை வைத்துப் பேரத்தின் திறமையை அளப்பவர்கள் ஒரு தேதியை மறக்கிறார்கள். சிப்களுக்கான விலக்கு வந்தது ஏப்ரல் 11. பட்டியல் வெளியாகி ஒன்பது நாளில். மலேசியப் பேச்சுவார்த்தை அப்போது தொடங்கியும் தொடங்காத நிலை. உலகின் சிப் பொருத்துதல், சோதனை, பொதியிடலில் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது, அதன் மையம் பினாங்கு. அந்த வேலையை ஒரே இரவில் வேறிடத்துக்கு மாற்ற முடியாது என்பது அமெரிக்க நிறுவனங்களுக்கே தெரியும். மலேசியாவுக்குக் கிடைத்த மிகப்பெரிய சலுகை மலேசியா பேரம் பேசாமலே வந்தது.

ஆடைத் தொழிலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு என்றதும் திருப்பூரின் பின்னலாடை ஆர்டர்கள் வியட்நாமையும் வங்கதேசத்தையும் நோக்கித் திரும்பத் தொடங்கின. பிடிக்காத கடையை விட்டு அடுத்த கடைக்குப் போவதுபோல, டி-சட்டை வாங்குபவருக்கு இடம் மாறுவது சுலபம். இந்திய அரசு பருத்தி இறக்குமதி வரியைத் தற்காலிகமாக நீக்கியது உதவிதான், போதுமானது அல்ல. இலங்கை 44இலிருந்து 20க்கு இறங்கியது. கடனில் மூழ்கி எழுந்துகொண்டிருந்த அந்த நாட்டுக்கு ஆடையைத் தவிர அமெரிக்காவிடம் காட்ட வேறு சீட்டு இல்லை.

பினாங்கு இந்த இடத்துக்கு வந்ததே ஒரு வரி முடிவால். 1960களின் இறுதியில் கூட்டரசு அதன் சுதந்திரத் துறைமுகத் தகுதியை நீக்கியபோது, தீவின் வணிகம் சரிந்தது, வேலையின்மை இரட்டை இலக்கத்துக்குப் போனது. முதலமைச்சர் லிம் சோங் இயூ 1969இல் பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை அமைத்தார். 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக மண்டலம் திறந்தது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அங்கே தொடங்கியது. கோலாலம்பூருக்கு எதிராகப் பினாங்கால் வரி போட முடிந்திருக்காது. தொழிலை மாற்றிக்கொண்டது. அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

கைவிட முடியாத பொருள் கையில் இருந்தால் அதை வைத்து முறுக்கலாமா? இதற்கு மலாயா ஏற்கெனவே ஒரு பதில் கண்டிருக்கிறது. பினாங்கின் பெருநிலமான செபராங் பிறையில் ரப்பர்த் தோட்டங்கள் பரந்திருந்த காலம் அது. பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர். 1922 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு ஸ்டீவன்சன் திட்டத்தின்கீழ் மலாயா, இலங்கை ரப்பர் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. உலக ரப்பரில் பெரும்பகுதியை வாங்கிய அமெரிக்கா 1925இல் விலை எகிறியபோது கொதித்தது. ஆனால் அது வரி போடவில்லை. வேறு ஆளைத் தேடியது. ஃபயர்ஸ்டோன் 1926இல் லைபீரியாவில் பத்து லட்சம் ஏக்கருக்குக் குத்தகை எழுதியது, ஃபோர்டு அமேசான் காட்டுக்குள் போனது, பழைய ரப்பரை மீட்டுப் பயன்படுத்துவது பெருகியது. திட்டத்தில் சேராத டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் சந்தையைப் பிடித்துக்கொண்டன. 1928இல் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்து வந்த பெருமந்தத்தில் தோட்டத் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் கப்பலேறி இந்தியா திரும்பினார்கள்.

அரிய மண் தாதுக்களைப் பற்றிய இன்றைய பேச்சுக்கு இது பொருந்தும். பதப்படுத்தாத தாதுவை ஏற்றுமதி செய்வதற்கு மலேசியா 2024 முதல் தடை வைத்திருக்கிறது. அக்டோபர் ஒப்பந்தத்தில், அமெரிக்காவுக்குப் போகும் அரிய மண் பொருள்களுக்குத் தடையோ ஒதுக்கீட்டு அளவோ விதிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டது. கச்சாத் தாதுவுக்கான தடை தொடர்கிறது என்கிறது அரசு. தாதுவை அடைத்துவைத்து மிரட்டுவதைவிட உள்நாட்டிலேயே பதப்படுத்தி விற்கும் நிலைக்கு வருவது நீடிக்கும் பலம்.

மற்றச் சந்தைகளுக்கான கதவுகள் திறந்தபடிதான் இருக்கின்றன. பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தமும் ஆர்செப் என்ற ஆசிய வட்டார ஒப்பந்தமும் மலேசியாவுக்கு 2022இல் நடைமுறைக்கு வந்தன. ஐக்கிய அரபு அமீரகத்தோடு ஜனவரியிலும், சுவிட்சர்லாந்து, நார்வே அடங்கிய எஃப்டா குழுவோடு ஜூனிலும் 2025இல் வர்த்தக ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின; ஐரோப்பிய ஒன்றியத்தோடு பேச்சு மீண்டும் தொடங்கியது. செம்பனை எண்ணெய்க்கும் தளவாடங்களுக்கும் இது நேரடிப் பயன். குறிப்பிட்ட ஒரு அமெரிக்க நிறுவனத்தின் இயந்திரத்துக்கு மட்டும் அளவெடுத்துப் பாகம் செய்யும் வெண்டருக்கு ‘துபாயில் விற்றுக்கொள்’ என்று சொல்வது அறிவுரை ஆகாது. அவருக்குச் சந்தை மாற்றம் என்றால் வாடிக்கையாளர் மாற்றம், அதற்குப் புதிய தரச் சான்றிதழ், புதிய அச்சு, ஓராண்டு மாதிரிச் சோதனை.

சந்தையைக் காப்பாற்ற நம்பகத்தன்மையும் வேண்டும். சீனப் பொருளுக்கு மலேசிய முத்திரை குத்தி அனுப்புவதாக அமெரிக்கா சந்தேகப்பட்டது. அப்படிப் பிடிபட்டால் 40 விழுக்காடு என்று ஆகஸ்ட்டில் விதி வந்தது. அதற்கு முன்பே, மே 6 முதல், அமெரிக்காவுக்கான பிறப்பிடச் சான்றிதழை வர்த்தக சங்கங்களிடமிருந்து எடுத்து முதலீட்டு, வாணிப, தொழில்துறை அமைச்சு தன் பொறுப்பில் வைத்துக்கொண்டது. காகித வேலை கூடியது என்ற முணுமுணுப்பு இருந்தாலும் இது சரியான முடிவு. நாலு பேர் செய்யும் மோசடிக்கு ஜுருவில் நேர்மையாகக் கடைசல் ஓட்டுபவர் அபராதம் கட்ட வேண்டியதில்லை.

உள்நாட்டு நிவாரணமாக மே 5 அன்று நாடாளுமன்றச் சிறப்புக் கூட்டத்தில் பிரதமர் 1.5 பில்லியன் ரிங்கிட் அறிவித்தார்: 1 பில்லியன் கடன் உத்தரவாதம், 500 மில்லியன் சலுகைக் கடன். இரண்டும் கடன்தான். ஆர்டர் குறைந்தவருக்குக் கடன் மூச்சு வாங்க நேரம் தரும், ஆர்டரைத் தராது. வேலை இழப்பவருக்குச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டம் ஆறு மாதம்வரை கைகொடுக்கும். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் அதில் இல்லை. 2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட தேசிய செமிகண்டக்டர் வியூகம் 25 பில்லியன் ரிங்கிட்டையும் 60,000 பொறியாளர்களையும் பேசுகிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்கு பெருநிலத்து வெண்டர்களின் பட்டறைகளுக்கு, அளவுக் கருவிகளாகவும் தரச் சான்றிதழாகவும் இளம் தொழில்நுட்பருக்கான பயிற்சியாகவும் வந்து சேர வேண்டும். தீவின் சிப் ஆலையைத் தூக்கிப்போக முடியாது என்பது உண்மை. அதற்குப் பாகம் கொடுப்பவரை மாற்றுவது அவ்வளவு கடினமில்லை. பினாங்கின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது.

சிப்களுக்கான விலக்கும் நிரந்தரம் என்று யாரும் சொல்லவில்லை. வர்த்தக விரிவாக்கச் சட்டத்தின் 232ஆம் பிரிவின்கீழ், தேசியப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, செமிகண்டக்டர்கள் மீதான விசாரணை 2025 ஏப்ரலிலேயே தொடங்கியது. ஆகஸ்ட் 6 அன்று டிரம்ப் 100 விழுக்காடு என்றார். அமெரிக்காவில் ஆலை கட்டும் நிறுவனங்களுக்கு அது இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார். 2025 முடியும்வரை அந்த வரி நடைமுறைக்கு வரவில்லை.